முதல் ஆறு வாரம்: வால்ஸ்டாட் புத்தகத்தின் இரண்டாம் வாசிப்பு

ஏழு கப்பி மீன்கள் ஒரே நாளில் செத்துப்போனதிலிருந்து இந்தக் குறிப்பைத் தொடங்க வேண்டியிருக்கு. தொட்டி வச்சு ஒன்பதாவது நாள். காலையில் எல்லாம் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஆபீஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிட்டேன். மாலை வந்து பார்த்தால் ஒன்றுகூட இல்லை. ஆறாவது படிக்கிற என் மகள் அழவில்லை. "அப்பா, நீ புக் படிச்சுதானே வச்ச?" என்று மட்டும் கேட்டாள்.

ஆமாம், புக் படிச்சுதான் வச்சேன். அதனாலதான் அந்தக் கேள்வி இன்னும் குத்துது. தப்பு புத்தகத்துலயா, என்கிட்டயா? கோட் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது தினசரிக் கேள்வி. லைப்ரரியில் பிழையா, இல்லை நாம கூப்பிட்ட விதத்தில் பிழையா? பத்துக்கு ஒன்பது தடவை நம்ம பிழைதான். மிச்ச ஒரு தடவை, லைப்ரரி சரியா இருந்தும் அதோட விளக்கக் குறிப்பு நம்மைத் தவறான பக்கம் கொண்டுபோய் விட்டிருக்கும். ஒரு மாசம் கழிச்சு அதே புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிச்சேன். இந்தத் தடவை பென்சிலோடு.

டயானா வால்ஸ்டாட் எழுதிய 'எக்காலஜி ஆஃப் தி பிளான்டட் அக்வேரியம்' 1999-இல் வந்தது. அப்புறம் பல பதிப்புகள் கண்டது. அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்தவர், படிப்பு நுண்ணுயிரியல், மீன்தொட்டி பொழுதுபோக்கு. புத்தகத்தைத் தன் சொந்தப் பதிப்பகத்தின் பெயரில் தானே வெளியிட்டார். அமெச்சூர் ஆராய்ச்சி என்றால் என்ன என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணங்களில் ஒன்று இது. ஏரிகளையும் சதுப்பு நிலங்களையும் பற்றி விஞ்ஞானிகள் எழுதிய கட்டுரைகளை வருஷக்கணக்கில் படித்து, அவற்றின் அட்டவணைகளைத் தன் தொட்டிக்குப் பொருத்திப் பார்க்கிறார். வண்ணப் படங்களை நம்பி எழுதிய புத்தகம் இல்லை.

ஆனால் இந்தப் புத்தகத்தைப் படித்தவர்களைவிட 'வால்ஸ்டாட் முறை'யைக் கேள்விப்பட்டவர்கள்தான் அதிகம். அந்த முறை இரண்டு வரியில் சுருங்கிடுச்சு: அடியில் ஒரு அங்குலம் மண் போடு, மேலே ஒரு அங்குலம் சரளை போடு, பெரிய ஃபில்டர் வேண்டாம், அடிக்கடி தண்ணி மாத்த வேண்டாம். முதல் வாசிப்பில் நானும் இதைத்தான் தேடினேன். தேடினது கிடைத்ததும் மிச்சத்தைப் புரட்டித் தள்ளிட்டேன்.

இரண்டாம் வாசிப்பில் பளிச்சென்று பட்டது இதுதான்: இது மண்ணைப் பற்றிய புத்தகமே இல்லை. செடி தேர்வு பற்றிய புத்தகம். அதிலும் தொட்டியின் முதல் சில வாரங்களில் எந்தச் செடி இருக்கணும் என்பதைப் பற்றியது.

அவருடைய மைய வாதத்தை என் பாஷையில் சொல்றேன். மீன் கழிவிலிருந்தும் மண்ணிலிருந்தும் அம்மோனியா வருது. ஃபில்டரில் வளரும் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கி, பிறகு நைட்ரேட் ஆக்கும். மீன்தொட்டிப் புத்தகங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில், "கடைசியில் நைட்ரேட்டைச் செடி சாப்பிட்டுவிடும்" என்று முடித்துவிடும். அதாவது செடி குப்பை அள்ளும் கடைசி ஆள். வால்ஸ்டாட் இதைத் தலைகீழாக்குகிறார். நீர்ச்செடிகள் பலவும் நைட்ரேட்டைவிட அம்மோனியத்தைத்தான் முதலில் எடுக்கும். நைட்ரேட்டாகக் கிடைத்தால் அதைத் திரும்ப அம்மோனியமாக மாற்றித்தான் புரதம் செய்ய முடியும். அதற்குச் செடி தன் கையிலிருந்து சக்தியைச் செலவழிக்கணும். அப்படிப் பார்த்தால் ஃபில்டரும் செடியும் ஒரே தட்டுக்குப் போட்டியிடுற ரெண்டு பேர். வேகமா வளர்கிற செடி நிறைய இருந்தால் செடியே ஃபில்டர்.

'வேகமா', 'நிறைய' என்ற ரெண்டு சொற்களை என் முதல் தொட்டி மதிக்கவே இல்லை. நான் வாங்கினது என்ன? ஒரு அனுபியாஸ், ஒரு ஜாவா ஃபெர்ன், ரெண்டு கிரிப்டோகோரைன், தரையில் புல் மாதிரி படரும்னு சொல்லி ஒரு சின்னத் தொட்டிச்செடி. அனுபியாஸ் மாசத்துக்கு ஒரு இலை விட்டாலே பெரிய விஷயம். ஜாவா ஃபெர்னும் அப்படித்தான். கிரிப்டோகோரைன் புது இடத்தில் நட்டதும் இலையெல்லாம் கூழாக உருகி, அப்புறம் கிழங்கிலிருந்து புதுசாத் துளிர்க்கும். அது உருகுற நாளில் சாப்பிடுவதைவிடக் கழிவாகக் கொடுப்பதுதான் அதிகம். எல்லாம் அருமையான செடிகள், கடைசி வரை இருக்கக்கூடியவை. ஆனா ஒன்பது நாளில் அம்மோனியாவை அள்ளக்கூடியது அதில் ஒன்றுமில்லை. ஃபில்டர் வேண்டாம் என்ற பாதியை எடுத்துக்கொண்டேன், ஃபில்டருக்குப் பதிலா என்ன வேண்டும் என்ற பாதியை விட்டுட்டேன்.

அந்தச் செடிகளை நான் தேர்ந்தெடுக்கக் காரணம் இன்னொரு புத்தகம். ஜப்பானின் நீகாட்டாவைச் சேர்ந்த தகாஷி அமானோ (1954–2015) தொழில்முறை சைக்கிள் பந்தய வீரராக இருந்து, 1982-இல் ஏ.டி.ஏ. நிறுவனத்தைத் தொடங்கியவர். அவருடைய 'நேச்சர் அக்வேரியம் வேர்ல்ட்' 1990-களின் தொடக்கத்தில் வந்தது. செடித் தொட்டி என்றால் இன்று நம் மனசில் வரும் படம் (பாறை, வளைந்த வேர்க்கட்டை, தரையெல்லாம் பச்சைக் கம்பளம்) அவர் போட்டது. லிஸ்பன் கடல்காட்சியகத்தில் 2015-இல் அவர் அமைத்த தொட்டி 40 மீட்டர் நீளம். அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனா அந்தப் படங்களை எப்படிப் படிக்கணும் என்று சொல்லலாம். ஒவ்வொரு படமும் ஒரு தொட்டியின் ஆகச் சிறந்த நாள். குழாய், கண்ணாடி உபகரணம் எல்லாத்தையும் படம் எடுக்கும் முன் வெளியே எடுத்துவிடுவது அங்கே வழக்கம். படத்துக்குக் கீழே விளக்கு எத்தனை வாட், கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு, என்னென்ன செடி, என்னென்ன மீன் என்று விவரம் இருக்கும். ஆனால் அந்த நாளுக்கு முன்னாடி என்ன நடந்தது என்று படம் சொல்லாது. பாசி தின்னும் இறாலை உலகம் முழுக்கத் தொட்டிகளுக்குப் பழக்கினவரே அமானோதான். இன்னைக்கும் அதுக்கு அவர் பெயர்தான். பாசியே வராத தொட்டிக்கு இறால் எதுக்கு? அவருக்கும் முதல் சில வாரம் இருந்திருக்கு. படத்தில் இல்லை, அவ்வளவுதான்.

அதனால் இந்த ரெண்டு புத்தகத்தையும் எதிரெதிர் கட்சிகளா வைத்துப் பேசுவது எனக்கு ஒப்புதல் இல்லை. ஒன்று முடிவைக் காட்டுது, ஒன்று தொடக்கத்தை விளக்குது. நான் முடிவிலிருந்து செடியையும் தொடக்கத்திலிருந்து மண்ணையும் எடுத்து ஒட்டவைத்தேன்.

சரி, வேகமா வளர்வது எது? புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இங்கே வருது. நீரில் கார்பன் டை ஆக்சைடு பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு குறைவு. மூழ்கியிருக்கும் செடிக்கு எந்நேரமும் மூச்சுமுட்டல்தான். இலையைக் காற்றில் வைத்துக்கொண்டு வேரைத் தண்ணீரில் தொங்கவிடுகிற செடிக்கு அந்தப் பிரச்சினையே கிடையாது. இதை 'காற்றுச் சாதகம்' என்கிற பொருளில் ஒரு பெயர் வைத்து அழைக்கிறார் வால்ஸ்டாட். புதுத் தொட்டிக்கு முதல் செடி மிதக்கும் செடி என்பது இதிலிருந்து தானா வந்துவிடும் முடிவு. நம்ம ஊரில் அது ஆகாயத்தாமரை. பத்திரிகைகள் வெங்காயத்தாமரையையும் இதே பெயரில் எழுதுவதுண்டு. நான் சொல்வது சின்ன முட்டைக்கோஸ் மாதிரி மிதக்கும் பிஸ்டியா. கடைக்காரர் இதைக் காசு வாங்காமல்கூடக் கொடுப்பார். அழகு பார்த்து வாங்கப் போகிறவன் கையில் இதை எடுக்கவே மாட்டான். நான் எடுக்கவில்லை.

மூழ்கி வளர்பவற்றில் எதை எடுப்பது என்பதற்கு நம்ம எல்லாருக்கும் பள்ளிக்கூடத்திலேயே விடை சொல்லிக் கொடுத்திருக்காங்க. பீக்கரில் தண்ணி, உள்ளே ஹைட்ரில்லா, மேலே கவிழ்த்த புனல், அதுக்கு மேல் தண்ணி நிரப்பின சோதனைக் குழாய். வெயிலில் வச்சா குமிழி குமிழியா ஆக்சிஜன். குமிழி போதலைன்னா எங்க சார் ஒரு சிட்டிகை சோடியம் பைகார்பனேட் போடுவார்; குமிழி வேகமாகும். ஏன் என்று அன்னைக்கு யாரும் கேக்கலை. ஹைட்ரில்லா கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுக்கத் தெரிந்த செடி. வாலிஸ்நேரியாவும் அப்படியே. நீர்ப்பாசங்கள் பலவற்றுக்கு அது தெரியாது. எங்க அடுக்குமாடியின் போர் தண்ணி கடினநீர். பக்கெட் விளிம்பில் வெள்ளையாப் படியும், கெட்டிலில் செதில் செதிலா உரியும். காரத்தன்மை அதிகம் என்றால் பைகார்பனேட் அதிகம். நான் இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்த தண்ணி வாலிஸ்நேரியாவுக்கு விருந்து. கடினநீருக்கு ஒரு கூட்டம், மென்னீருக்கு ஒரு கூட்டம் என்று வால்ஸ்டாட் செடிகளைப் பிரித்துப் பேசும் பக்கங்கள் அட்டவணையும் வாதமுமாக வறட்சியா இருக்கும். முதல் தடவை அங்கேதான் தூங்கிப்போனேன். தண்ணியை மாற்றி அமைக்கக் கேன் தண்ணியும் மருந்தும் வாங்குவதற்கு முன் எல்லோரும் படிக்க வேண்டிய பக்கங்கள் அவைதான்.

ஒரு சின்ன விலகல். ஹைட்ரில்லாவை எங்க ஊரில் 'பாசி' என்போம். கல்லில் வழுக்குவதும் பாசி, குளத்தில் காலைச் சுற்றுவதும் பாசி, தொட்டிக் கண்ணாடியில் படிவதும் பாசி. தொட்டி வைக்கிறவனுக்கு இந்த ஒரே சொல் பெரிய குழப்பம். ஏன்னா முதல் ஆறு வாரம் நடக்கிற சண்டையே பாசிக்கும் பாசிக்கும்தான். இலை உள்ள பாசி தோற்றால் இலை இல்லாத பாசி ஜெயிக்கும்.

இப்போ புத்தகத்தின் பக்கம் இருக்கிற குறைகளுக்கு வர்றேன்.

முதல் குறை மண். 'பாட்டிங் சாயில்' என்று வால்ஸ்டாட் எழுதும்போது அவர் மனசில் இருப்பது உரம் ஏற்றாத, கடையில் மூட்டையாகக் கிடைக்கும் சாதாரண மண். நான் பக்கத்து நர்சரியில் போய் அதே சொல்லைச் சொன்னேன். அவர் சொன்னதில் பொய் எதுவும் கிடையாது: "செம்மண், மணல், தொழு உரம், மூணும் சம அளவு சார். ரோஜாவுக்கு இதான் போடுறோம்." மூணில் ஒரு பங்கு மாட்டுச் சாணம். அதை ஒரு அங்குலம் பரப்பி, மேலே தண்ணி ஊத்தி, சரளை போட்டு மூடினேன். சொல் கடல் தாண்டிடுச்சு, பொருள் தாண்டலை. இதைப் புத்தகத்தின் பிழை என்பது அநியாயம்தான். வட கரோலினாவில் உட்கார்ந்து வேளச்சேரி நர்சரியை யார் கற்பனை செய்வாங்க? ஆனா, 'சாதாரண மண்' என்று ஒரு புத்தகம் சொன்னால் எதில் சாதாரணம் என்று ஒரு பத்தி எழுதியிருக்கலாம். எவ்வளவு கரிமப்பொருள் இருக்கலாம், ஒரு வாளியில் ஊறவைத்து அம்மோனியா பார்த்துவிட்டுப் போடுவது எப்படி என்று. இரண்டாவது தடவை நான் அப்படித்தான் செய்தேன். எருவில்லாத செம்மண், கொஞ்சம் களிமண். ரெண்டு வாரம் வாளியில் ஊறவைத்து மூணு தடவை தண்ணி வடித்தேன்.

இரண்டாவது குறை இன்னும் முக்கியம். அது வெப்பமும் காரத்தன்மையும். தண்ணியில் அம்மோனியா ரெண்டு உருவத்தில் இருக்கும்: மீனுக்குக் கொடிய அம்மோனியா, செடிக்கு உணவான அம்மோனியம். எது எவ்வளவு என்பதைப் பி.எச்.-உம் வெப்பமும் தீர்மானிக்கும். 30 டிகிரியில் பி.எச். 7 என்றால் கொடிய உருவம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பி.எச். 8 என்றால் ஏழெட்டுப் பங்கு. கிட்டத்தட்ட பத்து மடங்கு. என் தண்ணி 8-க்குக் கொஞ்சம் மேலே. அது மே மாசம். இன்னொரு பக்கம், 20 டிகிரித் தண்ணி லிட்டருக்கு ஒன்பது மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். மண்ணுக்குள் இருக்கும் பாக்டீரியா சாணத்தை மெல்ல அந்த ஏழரையிலும் பங்கு கேட்கும். நிறையச் செடி இருந்தால் மீனைச் சீக்கிரமே விடலாம் என்கிற தைரியம் புத்தகத்தில் இருக்கு. குளிர்ந்த ஊரில் அந்தத் தைரியத்துக்கு இருக்கிற இடைவெளி நமக்கு இல்லை. அம்மோனியாவின் நஞ்சு பற்றி அவருக்குத் தெரியாததா? நல்லாவே எழுதியிருக்கார். ஆனா அது ஒரு அத்தியாயத்தில், தொட்டி வைக்கும் செய்முறை வேறொரு அத்தியாயத்தில். ரெண்டையும் சேர்த்துப் படிக்கிற வேலை வாசகன் தலையில். அவசரத்தில் இருக்கிறவன் செய்முறையை மட்டும் படிப்பான் என்பது எந்தக் கையேடு எழுதுகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டியது.

மூன்றாவது, செடிகள் ஒன்றை ஒன்று அடக்க வேதிப்பொருள் சுரக்கின்றன என்ற பகுதி. பாசியைச் செடி தோற்கடிப்பதில் இதுக்குப் பெரிய பங்கு கொடுக்கிறார். ஆதாரங்களைப் பார்த்தால், செடியை அரைத்து எடுத்த சாறு ஆய்வகத்தில் பாசியைத் தடுத்தது என்கிற வகைதான் நிறைய. அரைத்த சாறு வேற, உயிரோடு இருக்கிற செடி 50 லிட்டரில் கசியவிடுவது வேற. லேப்பில் ஓடின கோட் ப்ரொடக்‌ஷனில் ஓடும்னு நம்பற மாதிரி. புத்தகத்தின் பலவீனமான அத்தியாயம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். அந்த அத்தியாயம் மொத்தமும் தப்பாக இருந்தாலும் மற்ற வாதம் அசையாது என்பது அவருக்குப் பெருமை. நிழலும் அம்மோனியத்துக்கான போட்டியுமே பாசியை அடக்கப் போதும்.

நான்காவது கை வேலை. எந்தச் செடி என்பதற்கு இவ்வளவு எழுதியவர், அதை எப்படி நடுவது என்பதில் கஞ்சத்தனம் காட்டுகிறார். இது கடையில் காசு கொடுத்து நான் கற்றது, ஒரே பத்தியில் சொல்லிடறேன். கடையில் பளபளன்னு விறைப்பா நிற்கிற செடி பெரும்பாலும் தண்ணிக்கு வெளியே ஈரப்பதத்தில் வளர்ந்தது. அப்படி வளர்ப்பது வேகம், பாசியும் பிடிக்காது. தண்ணிக்குள் போனதும் அந்த இலைகள் வேலைக்காகாது, உதிரும். நுனியில் மெல்லிசாகப் புது இலை வரும். செத்துப்போச்சுன்னு பிடுங்கிப் போடாதீங்க, பழைய இலையை மட்டும் கிள்ளி எடுங்க. கட்டாக வாங்கினால் ஈயப்பட்டையையோ ரப்பர் பேண்டையோ அவிழ்த்து, நசுங்கின அடித்தண்டை வெட்டிட்டு, ஒவ்வொரு தண்டாக விரல் இடைவெளி விட்டு நடணும். கொத்தா நட்டால் நடுவில் வெளிச்சம் போகாமல் அழுகும். கூடைச்செடி என்றால் வேரைச் சுற்றியிருக்கும் பஞ்சை உரிச்சு எடுக்கணும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ரெண்டுக்கும் கிடைமட்டத் தண்டு மண்ணுக்கு மேலேதான் இருக்கணும். புதைச்சா அழுகிடும், கட்டையில் நூலால் கட்டிடுங்க. தொட்டியில் நாலு விரல் தண்ணி இருக்கும்போது நட்டுட்டு, மேலே ஒரு தட்டை வச்சு அதன் மேல் மெதுவா ஊத்தினால் மண் கலங்காது. அப்புறம், லக்கி பேம்பூவையும் சின்கோனியத்தையும் தண்ணிச்செடி என்று விற்பாங்க. முழுசா மூழ்கினால் கொஞ்ச நாளில் அழுகும்.

அதே கொளத்தூர் தெருவுக்கு இரண்டாவது தடவை போனபோது என் பட்டியல் தலைகீழா இருந்தது. ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா நாலு கட்டு, வாலிஸ்நேரியா பதினைந்து, வாட்டர் ஸ்பிரைட் மூணு, ஒரு கை பிஸ்டியா. நீர்ப்பிரமி ஒரு கட்டு. சித்த மருந்துக் கடையில் காய்ஞ்சு கிடைக்கிற அதே பிரமி, இங்கே 'பகோபா' என்று பெயர் மாற்றிக்கொண்டு நிற்கும். "என்ன சார், எல்லாம் களையா எடுத்துட்டுப் போறீங்க" என்றார் கடைக்காரர். அவர் கிண்டலா சொன்னாலும் அது சரியான விவரணை. ஹைட்ரில்லா, ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா ரெண்டும் நம்ம பக்கத்துச் செடிகள். ரெண்டும் அமெரிக்காவில் மத்திய அரசின் தடைசெய்யப்பட்ட களைப் பட்டியலில் இருக்கு. 1950-களில் மீன்தொட்டி வியாபாரம் வழியாக ஃபுளோரிடாவுக்குப் போன ஹைட்ரில்லா அங்கே கால்வாய்களை அடைத்தது. அதாவது வால்ஸ்டாட் சொல்கிற வேலைக்குத் தோதான இந்த ரெண்டும் அவர் வாசகர்களுக்குச் சட்டப்படி கிடைக்காது. நமக்கு வாய்க்காலில் கிடைக்கும்.

ஆனா இது ரெண்டு பக்கமும் வெட்டும். 2020-இல் கோழிக்கோடு பக்கம் ஆவளப்பாண்டியில் ஒரு தோடு முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்து, ஜனங்க கூட்டம் கூட்டமாப் போய்ப் படம் எடுத்தாங்களே, அது கபோம்பா, தென்னமெரிக்கச் செடி, தொட்டி வியாபாரத்தில் வந்த இனம். வேகமா வளர்வதைத் தேர்ந்தெடு என்று சொல்லும் புத்தகம், வெட்டிப் போடும் துண்டை எங்கே போடுவது என்பதையும் அதே மூச்சில் சொல்லணும். என் வீட்டில் எல்லாம் பால்கனி கறிவேப்பிலைத் தொட்டிக்குத்தான் போகுது. வெயிலில் காய்ஞ்ச பிறகு மண்ணோடு கலந்துடறேன். ஏரிக்கோ கால்வாய்க்கோ ஒரு நுனிகூடப் போகாது.

இரண்டாம் தொட்டியின் கணக்கு இது. அளவு அதே இரண்டடி. சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று, ஆக்சிஜனுக்காக. இந்த இடத்தில் புத்தகத்தை வேணும்னே மீறினேன். விளக்கு காலையில் நாலு மணி நேரம், மாலையில் நாலு மணி நேரம், நடுவில் ஓய்வு. இந்த மதிய இடைவேளை வால்ஸ்டாட் பிற்காலத்தில் சொன்னது. காலையில் செடி தீர்த்துவிட்ட கார்பன் டை ஆக்சைடு அந்த நேரத்தில் திரும்பச் சேரும். மீன் ஆறு வாரத்துக்குக் கிடையாது என்று மகளிடம் முதல் நாளே சொல்லிட்டேன். அவளும் நம்பிக்கை இல்லாமல் தலையாட்டினாள்.

நாலாம் நாள் அம்மோனியா சோதனையில் லேசான பச்சை. எட்டாம் நாள் மஞ்சள், அதாவது பூஜ்யம். இரண்டாவது வாரம் கண்ணாடியில் பழுப்புப் படலம், மூணாவது வாரம் நூல் பாசி. முதல் தொட்டியாக இருந்திருந்தால் பயந்து எல்லாத்தையும் கழுவியிருப்பேன். பல்துலக்கியில் நூலைச் சுற்றி எடுத்துட்டு, பிஸ்டியா தண்ணி மேல்பரப்பில் பாதியை மூடும் வரை விட்டேன். நாலாவது வாரக் கடைசியில் ஹைக்ரோஃபிலா தண்ணி மட்டத்தை எட்டி வளைந்தது. அந்த வாரம்தான் நூல் பாசி புதுசா வரலை. காரணம் நிழலா, அம்மோனியம் தீர்ந்ததா, வால்ஸ்டாட் சொல்லும் சுரப்பா என்று இந்த ஒரு தொட்டியை வைத்து என்னால் பிரிச்சுச் சொல்ல முடியாது. முதல் தொட்டியிலிருந்து பிழைத்த கிரிப்டோகோரைன் ஒன்றையும் மூலையில் நட்டிருந்தேன். ஐந்து வாரம் வெறும் கிழங்கு. ஆறாவது வாரம் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சுருண்ட ஒரு இலை.

ஆறாவது வாரக் கடைசியில் மூணு கப்பி விட்டோம். மகள் ஒரு நோட்டில் தேதி போட்டுத் தினமும் அம்மோனியா எழுதறா. அந்த நோட்டில் என் கையெழுத்துக்கு அனுமதி இல்லை. இப்போ பதினான்காவது வாரம். கப்பி எத்தனைன்னு எண்ண முடியலை, குட்டி போட்டாச்சு. வாலிஸ்நேரியா மண்ணுக்கடியில் ஓடி நீர்ப்பிரமி இருந்த இடத்தைப் பிடிச்சிடுச்சு. பலவகைச் செடி வை, எது நிக்குதோ அதை வச்சுக்கோ என்கிற புத்தகத்தின் யோசனை இப்படித்தான் வேலை செய்யுது: தேர்வு பாதி நம்மது, பாதி தொட்டியோடது. பிரமிக்காக வாலிஸ்நேரியாவைப் பிடுங்கலாமா என்று போன ஞாயிற்றுக்கிழமை கத்தரியோடு நின்றேன். கிரிப்டோகோரைனுக்கு வெளிச்சம் போகட்டும் என்று பிஸ்டியாவை மட்டும் ரெண்டு கை அள்ளிட்டு வந்துட்டேன்.